நிறமின்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்: சங்கரன்கோவிலின் கோயிலையும் தறியையும் முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

நிறம் இல்லாமையைச் சுட்டுவதற்குத் தமிழில் தனிச்சொல் ஒன்று மட்டும் வழங்கவில்லை. வெள்ளை, வெண்மை, வெளிறு, வெளுப்பு, பளிங்கு, படிகம் ஆகிய சொற்கள் இடத்திற்கேற்ப அப்பொருளை ஏற்கின்றன. அறிவியல் தமிழ் ‘நிறமற்ற’ என்னும் தொடரைக் கையாள்கிறது. வெண்மை ஒரு நிறமா, நிறத்தின் இன்மையா என்னும் வினாவிற்கு இலக்கண மரபும் இலக்கிய வழக்கும் பேச்சுவழக்கும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. இக்கட்டுரை அவ்விடைகளை ஒப்பிட்டு, தமிழில் நிறமின்மை சேராமை, இழப்பு, ஊடுருவல் என மூன்று வகையாகப் பகுக்கப்பட்டுள்ளது என நிறுவ முயல்கிறது. சங்கரன்கோவில் கோயிலின் படிகலிங்கமும் அவ்வட்டாரத்து நெசவுத்தொழிலும் இதற்குச் சான்றுகளாகின்றன. இப்பகுப்பு கலைச்சொல்லாக்கத்திற்கும் மனிதர்களைக் குறிக்கும் சொற்களைத் தெரிவு செய்வதற்கும் துணைசெய்யும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வெண்மை, வெளிறு, பளிங்கு, நிறமின்மை, சொற்பொருளியல், கலைச்சொல், சங்கரன்கோவில்

1. முன்னுரை

தண்ணீரின் நிறம் யாது என்று ஒரு குழந்தையிடம் கேட்டால், ‘வெள்ளை’ என்ற விடை உடனே வரும். பள்ளிப் பாடநூலோ நீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று கற்பிக்கிறது. குழந்தையின் விடையைப் பிழையெனத் திருத்துவது ஆசிரியரின் கடமை. ஆயினும் அவ்விடை குழந்தையின் அறியாமையிலிருந்து பிறந்ததன்று. அது கற்ற மொழியிலிருந்து பிறந்தது. வீட்டில் அது ‘வெள்ளைக்கரு’ என்று கேட்டிருக்கிறது. உடைத்த முட்டையில் அக்கரு ஊடுருவித் தெரியும் நீர்மமாகவே இருக்கிறது. வெந்த பின்னரே வெண்மையாகிறது. நிறம் பூசாத கண்ணாடியை ‘வெள்ளைக் கண்ணாடி’ என்று வழங்குவதையும் அது கேட்டிருக்கிறது. பின்னர் அதே குழந்தை உயிரியல் வகுப்பில், இரத்த வெள்ளையணுக்கள் நிறமற்றவை என்று படிக்கப்போகிறது. ‘வெள்ளை’ என்று பெயரிட்ட ஒன்றை அடுத்த சொல்லிலேயே ‘நிறமற்றது’ என்று கூறும் அத்தொடர், நம் மொழியிலுள்ள ஒரு பழைய சிக்கலின் சுருக்கமாகும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளையணுவைக் குறிக்கும் ஐரோப்பியக் கலைச்சொல்லும் வெண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. எனினும் தமிழ் இச்சிக்கலைத் தனக்கே உரிய முறையில் கையாண்டுள்ளது. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இலக்கண மரபில் வெண்மை

இலக்கண நூல்கள் வெண்மையை ஐயத்திற்கு இடமின்றி நிறம் என்றே கொள்கின்றன. நன்னூல் உரியியல், பொருட்குரிய குணங்களை வகுக்குமிடத்து வண்ணம் ஐந்து எனக் கூற, அதன் உரை வெண்மை, செம்மை, கருமை, பொன்மை, பசுமை ஆகியவற்றை எண்ணுகிறது. இவ்வைந்தனுள் வெண்மை ஏனையவற்றோடு ஒத்த மதிப்புடையது. தொல்காப்பிய உரியியல் ‘குரு’, ‘கெழு’ என்னும் உரிச்சொற்களுக்கு நிறம் என்று பொருள் கூறுகிறது. ஆயின் நிறமின்மைக்கென ஓர் உரிச்சொல்லை அது தனித்து ஓதவில்லை.

உலக மொழிகளின் நிறப்பெயர்களை ஒப்பிட்டு பிரென்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கிறது. நிறப்பெயர்கள் மிகக் குறைவாக உள்ள மொழிகளிலும் வெண்மைக்கும் கருமைக்கும் இணையான இரு பெயர்கள் இருக்கும் என்பது அவர்களது கருத்து. அவ்வகையில் வெண்மை, மொழிகள் முதலில் பெயரிடும் நிறங்களுள் ஒன்றாகிறது.

எனவே, ‘வெள்ளை என்பது நிறமின்மை’ என்று பொதுவாகக் கூறுவது தமிழ் இலக்கண மரபிற்கு ஒவ்வாது. அவ்வாறாயின் ‘வெள்’ என்னும் அடியிற் பிறந்த சொற்கள் ஏன் இன்மைப் பொருளையும் தொடர்ந்து ஏற்று வருகின்றன என்பது விளக்கத்தக்கது.

3. சேராமை: ‘வெள்’ அடிச்சொல்லின் முதற்பொருள்

பேச்சுவழக்கிலுள்ள சில சொற்களில் ‘வெள்’ என்பது நிறத்தைக் குறிப்பதேயில்லை. கருநிறமுடைய ஆடும் ‘வெள்ளாடு’ என்றே வழங்கும். வெற்றிலைக்கு ‘வெள்ளிலை’ என்றொரு பெயரை அகராதிகள் தருகின்றன, அவ்விலையோ பசுமையானது. ‘வெள்ளைத்தாள்’ என்னும் சொல் தாளின் நிறத்தைவிட அதில் எழுத்து இல்லாமையையே முதன்மையாகச் சுட்டுகிறது. கடன் கொடுத்தவர் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்று ஒருவர் முறையிடும்போது அவர் தாளின் நிறத்தைக் கூறவில்லை. பின்னர் எதையும் எழுதிக்கொள்ள இடமளிக்கும் வெறுமையையே கூறுகிறார்.

இவ்விடத்து ‘வெறு’ என்னும் அடியை ஒப்பிட வேண்டும். வெறுங்கை, வெறுந்தரை, வெற்றிடம், வெற்றுத்தாள் என்பன அதன்வழி வந்தவை. வெற்றிலை என்னும் பெயரையும் ‘வெறு + இலை’ எனப் பிரித்து, பூவும் காயும் கொள்ளாமல் இலையாக மட்டும் பயன்படுவது என்று விளக்குவர். ஒரே இலைக்கு வெள்ளிலை, வெற்றிலை என இருபெயர் வழங்குவதும், ஒரே தாளை வெள்ளைத்தாள் என்றும் வெற்றுத்தாள் என்றும் கூற இயல்வதும் இவ்விரு அடிகளின் பொருள் நெருக்கத்தைக் காட்டுகின்றன. ஆயினும் ளகரமும் றகரமும் வேறாதலின் இரண்டையும் ஒரே வேர் எனத் துணிவது பொருந்தாது. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. பொருளால் அண்மையும் வேரால் வேற்றுமையும் உடையன என்று கொள்வதே தக்கது.

‘வெந்நீர்’ என்பதையும் இவ்வரிசையில் சேர்த்தல் கூடாது. அது வெம்மை என்னும் பண்படியாகப் பிறந்தது, வெண்மையோடு தொடர்பற்றது. அவ்வாறே, காய்ச்சாத நீரைப் ‘பச்சைத்தண்ணீர்’ என்னும்போது பச்சை என்பது நிறத்தைக் குறியாமல் வேகாமையைக் குறிக்கிறது. நிறமற்ற நீருக்கு நிறப்பெயரை அடையாக்கும் இவ்வழக்கு, தமிழில் நிறச்சொற்கள் நிறத்தின் எல்லைக்குள் நில்லாமல் பொருளின் நிலையையும் உணர்த்துவன என்பதற்கு நல்ல சான்று.

யாப்பிலக்கணத்தில் வெண்பா ‘வெள்ளை’ என்றும் வழங்கப்படும். பிற பாக்களுள் வெண்டளை விரவி வரலாம். வெண்பாவிலோ பிற தளை விரவுதல் இல்லை. இக்கலப்பின்மையையே அதன் பெயர்க்காரணமாகக் கருதுவாரும் உளர். அவ்வாறு கொள்ளின், இங்கும் ‘வெள்’ என்பதன் பொருள் ‘வேறொன்று சேராதது’ என்பதே. ‘வெள்ளை மனம்’, ‘வெள்ளந்தி’ ஆகிய வழக்குகளில் சூது சேராமை கருதப்படுகிறது. சேராமை என்னும் இப்பொருளிலிருந்தே பாராட்டும் இகழ்ச்சியும் கிளைக்கின்றன.

4. திருக்குறளில் வெண்மை

இகழ்ச்சிப் பொருளுக்குத் திருக்குறள் தெளிவான சான்று. புல்லறிவாண்மை அதிகாரத்தில் (குறள் 844) வெண்மை என்னும் சொல் அறிவின்மையைக் குறிக்கிறது. தம்மை அறிவுடையராகத் தாமே மதித்துக்கொள்ளும் செருக்கே வெண்மை என வள்ளுவர் வரையறை செய்கிறார். தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் (குறள் 503), கற்றுத் தேர்ந்து குற்றம் நீங்கியவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் ‘வெளிறு’ முற்றிலும் இல்லாதிருத்தல் அரிது என்கிறார். இங்கும் அறியாமையே பொருள்.

அவையறிதல் அதிகாரத்தின் குறள் 714 இன்னும் நுட்பமானது. அறிவுடையார் முன் ஒளியுடையராகவும், ‘வெளியார்’ முன் சுண்ணாம்புச் சாந்தின் வண்ணத்தை மேற்கொண்டும் நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வெளியார் என்பது அறிவில்லாரைக் குறிக்கிறது. அவர்முன் கற்றவர் பூண வேண்டிய வெண்மையை வள்ளுவர் ‘வண்ணம்’ என்றே கூறுகிறார். அறிவில்லாரிடத்து வெண்மை இன்மையாக இருக்கிறது. கற்றவரிடத்து அது வேண்டி மேற்கொள்ளும் பூச்சாகிறது. வெண்மை இன்மையும் ஆகும், நிறமும் ஆகும் என்ற இருநிலையும் ஒரே குறளில் எதிரெதிரே நிற்பது கருதத்தக்கது.

‘வெளிறு’ என்னும் சொல்லின் அடிப்படை மரத்தோடு தொடர்புடையது. முற்றிய மரத்தின் உள்ளே வன்மையும் கருமையும் உடைய வயிரம் இருக்கும். அதனைக் காழ் என்பர். வயிரம் பாயாத மரம் வெளிறு எனப்படும். புறநானூறு 35ஆம் பாடல், போர்க்களத்தில் வெட்டுண்டு கிடப்பவற்றிற்கு வயிரமற்ற பனையின் துண்டுகளை உவமையாக்குமிடத்தில் இச்சொல்லை ஆள்கிறது. வயிரம் பாயாத மரத்தின் வெளுத்த நிறமும் மென்மையும் சேர்ந்து, உள்ளீடின்மை என்னும் பொருளைத் தந்துள்ளன. அறிவாகிய வயிரம் பாயாமையே மனிதனின் வெளிறு என்று குறளின் ஆட்சியை விளக்கலாம். ஆகவே அறிவின்மைப் பொருள் வெண்மை என்னும் நிறத்தின்மீது கொண்ட வெறுப்பால் வந்ததன்று. உள்ளீடு சேராமை என்னும் கருத்தினால் வந்தது.

5. இழப்பு: தறியும் சாயமும்

சங்கரன்கோவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நெசவுக்கு அறியப்பட்டவை. நெசவுத்தொழிலில் நிறமின்மை ஒரு கருத்தாக நின்றுவிடாமல், விலையும் பெயரும் உடைய ஒரு பொருளாகிறது. தறியிலிருந்து இறங்கும், வெளுக்கவும் சாயமேற்றவும் படாத துணியைக் ‘காடா’ என்பர். சாயம் ஏறாதது ஆதலின் இதனை நிறமற்ற துணி என்று கருதலாம். ஆயினும் இது வெண்மையாக இருப்பதில்லை. பருத்தியிலுள்ள மெழுகும் பிற இயற்கைப் பொருள்களும் விதைத் துகள்களும் அதற்கு மங்கிய மஞ்சள் சார்ந்த தோற்றத்தைத் தருகின்றன. அதனை வெளுத்த பின்னரே வெள்ளைத்துணி கிடைக்கிறது.

இதனால் பெறப்படுவது ஒன்று: துணியைப் பொறுத்தவரை வெண்மை தொடக்க நிலையன்று, உழைப்பினால் உண்டாக்கப்படும் நிலை. உவர்மண்ணும் வெள்ளாவியும் வெயிலும் கொண்டு சலவைத்தொழிலாளர் அதனை உண்டாக்கினர். இன்று ஆலைகளில் வேதிப்பொருள்கள் அதனைச் செய்கின்றன. ‘வெள்ளை என்றால் ஒன்றும் செய்யாதது’ என்ற பொதுக்கருத்தைத் தொழில் வழக்கு மறுக்கிறது. ஒன்றும் செய்யாதது காடா. வெள்ளை, செய்து முடித்தது.

‘வெளு’ என்னும் வினை இவ்விரு நிலைகளையும் தன்னுள் அடக்கியுள்ளது. ‘துணியை வெளுத்தார்’ என்னும்போது அது செயப்படுபொருள் குன்றாவினை. அழுக்கை நீக்கித் தூய்மையாக்குதல் என்பது பொருள். ‘துணி வெளுத்தது’ என்னும்போது அது செயப்படுபொருள் குன்றியவினை; இருந்த நிறத்தை இழத்தல் என்பது பொருள். வினைவடிவம் மாறவில்லை, முன்னது ஆக்கம், பின்னது இழப்பு. ஒருவரது போலித்தன்மை வெளிப்பட்டதைச் ‘சாயம் வெளுத்தது’ என்று கூறுவது பின்னதன் விரிவு. கிழக்கு வெளுத்தல், முகம் வெளுத்தல் ஆகியவற்றுள் முன்னது விடிவையும் பின்னது நோயையோ அச்சத்தையோ உணர்த்துகின்றன. ‘வெளுத்ததெல்லாம் பால்’ என்று நம்புவோரைப் பற்றிய பழமொழி, வெண்மையைத் தூய்மையின் உறுதியான அடையாளமாகக் கொள்வதன் ஏதத்தை எச்சரிக்கிறது.

இதே தறியின் வெள்ளை, உடுத்துவோரைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. ஆணின் வெள்ளை வேட்டி மங்கலத்திற்கும் மதிப்பிற்கும் உரியது. பெண்ணின் ‘வெள்ளைச் சேலை’ என்னும் தொடரோ, பல சமூகங்களில் கணவனை இழந்தமையைக் குறிக்கும் சொல்லாகவே நெடுங்காலம் வழங்கிற்று. இழையும் வெளுப்பும் ஒன்றே. ஓரிடத்தில் வெண்மை உடையதாகவும் மற்றோரிடத்தில் நிறம் பறிக்கப்பட்டதாகவும் அது படிக்கப்படுகிறது. சொற்பொருள் துணியில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. ஊடுருவல்: பளிங்கும் படிகமும்

சங்கரன்கோவில் கோயிலில் சங்கரலிங்கர், கோமதியம்மன் சந்நிதிகளுக்கு இடையே சங்கரநாராயணர் சந்நிதி அமைந்துள்ளது. வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் அமைந்த திருவுருவம் அது. மரபில் சிவன் செம்மேனியன், திருமால் கருமேனியன். இருவரையும் ஒருவராகக் காணக் கோமதியம்மன் தவமிருந்ததாகக் கூறும் தலவரலாற்றின் அடிப்படையிலேயே ஆடித்தபசு விழா நிகழ்கிறது. சங்கரநாராயணர் திருவுருவிற்கு நேரே திருமுழுக்கு நிகழ்த்தாமல், அச்சந்நிதியிலுள்ள சந்திரமௌலீசுவரர் எனப்படும் படிகலிங்கத்திற்கே அதனை நிகழ்த்துவது இக்கோயிலின் வழக்கம்.

இரு நிறமுடைய மூர்த்திக்கு நிறமற்ற படிகம் திருமுழுக்கை ஏற்கும் இவ்வழக்கிற்குச் சமய விளக்கம் எதுவாயினும், சொற்பொருள் நோக்கில் இது நிறமின்மையின் மூன்றாம் வகையைக் கண்முன் நிறுத்துகிறது. படிகம் வெண்மையானதன்று. பாலைச் சொரிந்தால் பாலின் வெண்மையும், வில்வத்தை வைத்தால் இலையின் பசுமையும் அதில் தோன்றும். தனக்கென நிறமின்மையால் அது பிறநிறங்களைத் தடுக்காமல் காட்டுகிறது.

இப்பண்பைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. குறிப்பறிதல் அதிகாரத்தில் (குறள் 706) வள்ளுவர், தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கை, நெஞ்சின் மிகுதியைக் காட்டும் முகத்திற்கு உவமையாக்குகிறார். மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்திலுள்ள பளிக்கறை, உள்ளிருப்பவரின் உருவத்தைப் புறத்தே காட்டி ஓசையைத் தடுக்கும் மண்டபமாக அமைகிறது. சைவ சித்தாந்தம், உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாக நிற்கும் இயல்புடையது என்பதனைப் படிக உவமையால் விளக்குகிறது. இவ்விடங்களில் நிறமின்மை குறையாகக் கருதப்படவில்லை. எதனையும் ஏற்றுக் காட்டும் ஆற்றலாகவே அது கருதப்படுகிறது. வெளிறு என்பதற்கும் பளிங்கு என்பதற்கும் இடையிலான மதிப்பு வேறுபாடு இங்குத்தான் உள்ளது.

பின்னாளில் ‘பளிங்கு’ பொருள் மாறியது. இன்று பளிங்குக்கல் என்றால், தாஜ்மகால் கட்டப்பட்ட, ஒளி ஊடுருவித் தெரியாத வெண்கல்லையே பலரும் கருதுவர். நிறமற்றதைக் குறித்த சொல் வெண்மையானதைக் குறிக்கும் சொல்லாகியது. வெள்ளைக்கண்ணாடி, வெள்ளைக்கரு என்பவற்றில் வெண்மைச்சொல் நிறமின்மையைக் குறிக்கச் சென்றது. பளிங்கில் நிறமின்மைச்சொல் வெண்மையைக் குறிக்க வந்தது. போக்கு இருவழியாகவும் நிகழ்ந்துள்ளது.

இவ்விருவழிப் போக்கைத் தற்செயல் எனத் தள்ள இயலாது. இயற்பியலிலும் வெண்மையும் நிறமின்மையும் அண்டை நிலைகளே. ஒளி முழுவதும் ஊடுருவிச் சென்றால் பொருள் நிறமற்றதாகத் தோன்றும். எல்லா நிறங்களும் ஒத்த அளவில் சிதறித் திரும்பினால் வெண்மையாகத் தோன்றும். வெண்ணொளியில் பல நிறங்கள் அடங்கியுள்ளன என்பதனை நியூட்டன் முப்பட்டகத்தைக் கொண்டு காட்டி 1672இல் வெளியிட்டார். தனித்த ஒரு சர்க்கரைப் படிகம் நிறமற்றது. குவித்த சர்க்கரை வெள்ளை. கண்ணாடியும் தூளானால் வெண்மையாகும். முட்டைக்கரு வேகும்போது அதிலுள்ள புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறச் செய்வதால் வெண்மையாகிறது. மொழி ஒன்றன் பெயரை மற்றதற்கு இட்டது, கண் அன்றாடம் கண்ட மாற்றத்தைப் பின்பற்றியே ஆகும்.

7. கலைச்சொல்லும் மனிதரும்

பேச்சுவழக்கில் இந்நெகிழ்ச்சி இடையூறு தருவதில்லை. அறிவியலில் அது குழப்பத்தை உண்டாக்கும். எனவே ஊடுருவல் நிலைக்கு ‘நிறமற்ற’, சிதறல் நிலைக்கு ‘வெள்ளை’ அல்லது ‘வெண்மை’, செறிவு குறைந்த நிறத்திற்கு ‘வெளிர்’ என வரையறுத்து வழங்குவது தக்கது. வெளிர்நீலம், வெளிர்பச்சை ஆகியவை ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டன. வெள்ளையணு போன்ற வேரூன்றிய பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. ஆயின் அங்கு ‘வெள்ளை’ என்பது பெயர் மட்டுமே, நிற விளக்கம் அன்று எனப் பாடநூல் ஒரு தொடரில் கூறிவிடலாம். தண்ணீர் வெள்ளை என்று கூறிய குழந்தைக்கும் அத்தொடரே போதிய விளக்கமாகும்.

மனித உடலைக் குறிக்கும்போது சொல்லின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. தோலின் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் அழிவதால் தோன்றும் வெண்ணிறத் திட்டுகளை ‘வெண்குட்டம்’ என்று வழங்கி வந்தனர். தொழுநோய் நுண்ணுயிரியால் வருவது, இதுவோ தொற்றுவதன்று. இரண்டிற்கும் தொடர்பில்லை. தொடர்பற்ற நோயின் பெயரை ஏற்றியதால், இந்நிலை உடையோர் திருமணத்திலும் பணியிடத்திலும் விலக்கப்படும் கொடுமைக்குச் சொல்லும் துணைநின்றது. ‘வெண்புள்ளி’ என்னும் பெயரைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது இதனாலேயே வரவேற்கத்தக்கது. வெண்புள்ளி என்பது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூறுகிறது. குட்டம் என்பது இல்லாத ஒன்றைச் சேர்த்துக் கூறுகிறது. சேராமையே ‘வெள்’ என்பதன் முதற்பொருளாயின், அச்சொல்லோடு பழியைச் சேர்க்காதிருப்பதே அதன் இயல்பிற்கு ஒத்த வழக்காகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன:

1. இலக்கண மரபில் வெண்மை ஐவகை வண்ணங்களுள் ஒன்று. அதனை நிறமின்மை எனப் பொதுவாகக் கூறுவது பொருந்தாது.

2. ‘வெள்’ என்னும் அடியில் விளங்கும் இன்மைப்பொருள் சேராமையாகும். எழுத்து, சூது, அறிவு, பிறதளை என எது சேரவில்லை என்பதைப் பொறுத்து வெறுமை, களங்கமின்மை, அறியாமை, கலப்பின்மை ஆகிய பொருள்கள் கிளைக்கின்றன.

3. ‘வெளு’ என்னும் வினை ஆக்கத்தையும் இழப்பையும் ஒருங்கே உணர்த்துகிறது. நெசவு வழக்கு, வெண்மை உழைப்பினால் வருவது என்பதைக் காட்டுகிறது.

4. பளிங்கும் படிகமும் நிறமின்மையைப் பிறவற்றை ஏற்றுக் காட்டும் ஆற்றலாக உணர்த்துகின்றன. பளிங்கு இன்று வெண்கல்லைக் குறிப்பது பிற்காலப் பொருள்மாற்றம்.

5. கலைச்சொற்களில் நிறமற்ற, வெள்ளை, வெளிர் என்னும் மூன்றையும் வேறுபடுத்தி வழங்குதல் வேண்டும்.

சங்கரன்கோவிலில் தறியிலிருந்து இறங்கும் காடாவும், சந்நிதியில் நீராடும் படிகமும் நிறம் சேராதவை என்னும் ஒரே தொடருள் அடங்குவன. ஆயினும் முன்னது இனிச் சேரவிருக்கும் நிறத்திற்குக் காத்திருக்கிறது. பின்னது எந்நிறத்தைக் காட்டினும் எதனையும் தன்னிடம் நிறுத்திக்கொள்வதில்லை. ‘இல்லை’ என்னும் ஒன்றனுள் தமிழ் இத்தனை வேறுபாடுகளைக் கண்டுள்ளது. அவற்றைப் பேணி வழங்குவது அகராதி செய்வோருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் உரிய பணியாகும்.